வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

அத்தியாயம் 14

வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு மகளின் அறைக் கதவைத் திறந்த கனகா, அங்கேயே நின்றுவிட்டாள்.

மான்ஸ்டெராவின் நான்காவது இலையும் மஞ்சளாகியிருந்தது.

ஜன்னலோரம் மொத்தம் ஒன்பது தொட்டிகள். எல்லாம் பவதாரிணி வாங்கி வைத்தவை. மணி பிளான்ட், பீஸ் லில்லி, வாள் மாதிரி நிமிர்ந்து நிற்கும் ஸ்நேக் பிளான்ட் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். இந்த மான்ஸ்டெரா மட்டும் முதல் மாதச் சம்பளத்தில் வந்தது. முறம் அகலத்துக்கு இலை, இலைக்கு இலை ஓட்டை. "ஏண்டி, பூச்சி அரிச்ச செடியவா வாங்கியாந்த?" என்று கனகா கேட்டதற்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள் அவள்.

அந்தச் சிரிப்பு இந்த வீட்டை விட்டுப் போய் நான்கு மாதமாகிறது.

தை மாதம். உசிலம்பட்டி அத்தை மகன் முத்துக்குமரனோடு நிச்சயதார்த்தத்துக்கு நான்கே நாள் இருந்தபோது, "எனக்கு இதுல இஷ்டமில்லப்பா. ஆரம்பத்துலயே சொல்லியிருக்கணும், தைரியம் வரல" என்றாள் பவதாரிணி. பாண்டிராஜ் கத்தினார். பிறகு கெஞ்சினார். கடைசியில், "அப்ப இந்த வீட்டுல உனக்கு என்ன வேலை?" என்று கேட்டுவிட்டார். ஒரே ஒரு பையோடு அவள் கோயம்புத்தூருக்குக் கிளம்பினாள்.

கிளம்பும்போது வாசலில் நின்று, "அம்மா, நீயாவது ஒரு வார்த்தை சொல்லும்மா" என்றாள்.

கனகா துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எந்தப் பக்கம் பேசினாலும் ஒரு பக்கம் போய்விடும் என்று நினைத்தாள். பேசாமல் இருந்ததில் இரண்டு பக்கமும் போய்விட்டது.

"இனிமே இங்க அவ பேச்சை எடுக்கக் கூடாது" என்றார் பாண்டிராஜ். எடுக்கவுமில்லை. அந்த அறைப் பக்கம்கூட அவர் போவதில்லை. அதிகாலை நாலரைக்கு டூட்டிக்குக் கிளம்பும் பஸ் டிரைவர். முன்பெல்லாம் கனகா எழுந்து காபி போட்டுக் கொடுப்பாள். மகள் போனதிலிருந்து, "நீ எந்திரிக்க வேணாம், நான் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுலயே குடிச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். என் முகத்தில் விழிக்கக்கூடப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடம் திறந்திருந்தாலாவது பரவாயில்லை. கனகா சத்துணவு அமைப்பாளர். பிள்ளைகளின் சத்தத்தில் பகல் ஓடிவிடும். இப்போது மே மாத விடுமுறை. காலையில் பால்காரரிடம் பேசும் இரண்டு வார்த்தைக்குப் பிறகு, சில நாட்களில் மாலைவரை வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வராது. தொண்டை அடைத்துக்கொண்டதோ என்று தானே இருமிப் பார்த்துக்கொள்வாள்.

வெள்ளிக்கிழமைகள் மட்டும் வேறு மாதிரி. பவதாரிணியின் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. போன வருஷம் ஆபீஸ் வேலையாக வெளியூர் போனபோது அம்மாவுக்காக எழுதி வைத்தது. 'வெள்ளிக்கிழமை மட்டும். தொட்டிக்கு ஒரு சொம்பு. குடிக்கிற நல்ல தண்ணி. போர் தண்ணி ஊத்தாதே.'

கனகா அதிலிருந்து ஒரு எழுத்துப் பிசகவில்லை. விரதம் மாதிரிக் கடைப்பிடித்தாள். அப்படியும் இலை பழுக்கிறதே!

மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். விரல் சேற்றுக்குள் போனது.

தண்ணீர் ஊற்றி ஆறு நாளாகிறது. அக்னி நட்சத்திர வெயிலில் விளாங்குடித் தெருவே காய்ந்து கிடக்கிறது. இந்த மண் மட்டும் எப்படி ஈரமாக இருக்கிறது? தொட்டிக்கு அடியில் இருந்த தட்டிலும் தண்ணீர் தேங்கி, சின்னச் சின்ன ஈக்கள் மொய்த்தன. தண்டை அழுத்தினாள். பழுத்த வாழைப்பழம்போல் அமுங்கியது.

இன்றைக்கென்று பார்த்து இது நடக்க வேண்டுமா? மாலை ஐந்து மணிக்கு உசிலம்பட்டியிலிருந்து பாண்டிராஜின் அக்கா ஒச்சாயி வருகிறாள். அவள் மகன் முத்துக்குமரனுக்கு வேறு இடத்தில் பெண் அமைந்துவிட்டது. பத்திரிகை வைக்க வருகிறாள். நான்கு மாதத்தில் முதல் முறை.

"அந்த ரூமைச் சாத்தி வை" என்று மட்டும் நேற்றுச் சொல்லியிருந்தார் பாண்டிராஜ்.

கனகா புடவையை மாற்றிக்கொண்டு, செடியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தாள்.

"எங்கக்கா, கோயிலுக்கா?" என்றார் ஆட்டோக்காரர்.

"இல்லண்ணே. வைத்தியத்துக்கு."

நத்தம் ரோட்டில் பச்சை வலைப் பந்தல் போட்ட நர்சரி அது. பவதாரிணி செடி வாங்கும் இடம். அதை நடத்தும் நாகஜோதி நாற்பது வயதுக்காரி. முழங்கை வரை மண்ணோடு எழுந்து வந்தவள், செடியைப் பார்த்ததும் பேச்சு வளர்க்கவில்லை. தொட்டியைச் சாய்த்து, பக்கவாட்டில் நாலு தட்டுத் தட்டி, செடியை மண்ணோடு உருவி எடுத்தாள்.

குப்பென்று சாக்கடை வாடை அடித்தது.

"பாத்தீங்களாக்கா? வேர் நல்லா இருந்தா வெள்ளையா, வெறப்பா இருக்கணும். இது காப்பிக் கலர்ல, கொழகொழன்னு கெடக்கு." ஒரு வேரைப் பிடித்து இழுத்தாள். தோல் மட்டும் கையோடு உரிந்து வந்தது. "அழுகிப்போச்சு. தெனம் தண்ணி ஊத்துறீங்க."

"இல்லத்தா. வெள்ளிக்கெழமை மட்டும். அதுவும் ஒரு சொம்புதான்."

"வாய்ப்பே இல்லக்கா."

"சத்தியமா."

நாகஜோதி அவளை ஒரு முறை பார்த்தாள். பிறகு மண்ணின் மேல்பக்கத்தைக் காட்டினாள். கோலமாவு தூவியதுபோல வெள்ளையாகப் படிந்திருந்தது. இலைகளின் நுனியெல்லாம் கருகியிருந்தது.

"இது உப்பு. போர் தண்ணி உப்பு. நுனி கருகுறதும் அதனாலதான்."

"நான் நல்ல தண்ணிதான் ஊத்துறேன். என் மக எழுதியே வச்சிருக்கா."

"அப்படின்னா உங்களுக்குத் தெரியாம வேற யாரோ போர் தண்ணிய ஊத்துறாங்க. வீட்டுல யாரெல்லாம் இருக்கீங்க?"

"நானும் எங்க வீட்டுக்காரரும்தான்."

"அப்ப அவருதான்" என்றாள் நாகஜோதி வெகு சாதாரணமாக. கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொண்டாள்.

கனகாவுக்குச் சிரிப்பு வந்தது. "அவரா? அந்த ரூமுக்குள்ள காலே வைக்க மாட்டாரு. உனக்குத் தெரியாது, விடு."

நாகஜோதி வேர்களைக் கழுவி, அழுகியதையெல்லாம் வெட்டி எறிந்தாள். முக்கால்வாசி போய்விட்டது. எலிவால் மாதிரி நாலைந்து வெள்ளை வேர்கள்தான் மிச்சம். வெட்டிய இடத்தில் மஞ்சள்தூள் தடவினாள். மணலும் தேங்காய் நார்த்தூளும் கரித்துண்டும் கலந்து, முன்பிருந்ததைவிடச் சின்னத் தொட்டியில் வைத்தாள்.

"எதுக்கு சின்னத் தொட்டி?"

"வேர் கம்மியாருச்சுல்ல. பெரிய தொட்டின்னா அம்புட்டு ஈரத்த உறிஞ்ச முடியாது, திரும்ப அழுகிரும். அஞ்சு நாளைக்குத் தண்ணியே காட்டாதீங்க. வெளிச்சம் வேணும், நேர் வெயில் வேணாம். புது இலை சுருண்டு வந்துச்சுன்னா பொழச்சுக்கிச்சுன்னு அர்த்தம்."

"வரலேன்னா?"

நாகஜோதி கையைத் தட்டிவிட்டு எழுந்தாள். "மத்த செடிகளையும் தட்டுலருந்து தூக்கி வைங்க. தட்டுல தண்ணி நிக்கக் கூடாது. பாப்பா நல்லாருக்காளாக்கா? ரொம்ப நாளா ஆளையே காணோம்."

"நல்லாருக்கா" என்றாள் கனகா. அது உண்மையா என்று அவளுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து செடியை ஹாலில் வைத்தாள். மகளின் அறைக்குப் போய் ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்தாள். எட்டிலும் அதே வெள்ளை உப்பு. எட்டுத் தட்டிலும் தண்ணீர். ஸ்நேக் பிளான்ட்டைத் தொட்டதும் ஒரு இலை அடியோடு கையில் வந்தது.

பாத்ரூமுக்குப் போனாள். சிவப்பு மக்கைக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் மண் அப்பியிருந்தது. இந்த மண்ணை அவள் எத்தனை முறை கழுவியிருக்கிறாள்! எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

நாலு மணிக்கு எழுகிறார். காபி வேண்டாம் என்கிறார். நீ எழுந்திரிக்காதே என்கிறார்.

கனகா பாத்ரூம் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மனசு இளகியிருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. அந்த அறையில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கதவைச் சாத்திக்கொண்டு, மகளின் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு அழுதிருக்கிறாள். இந்த வீட்டில் அழுவதற்குத் தான் ஒருத்திதான் இருப்பதாக நினைத்திருந்தாள். அவரும் வந்து போயிருக்கிறார், அதே அறைக்கு, தினமும். ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'கனகா, எனக்கும் தாங்கலடி' என்று சொல்லியிருந்தால் என்ன?

இரண்டரை மணிக்குப் பாண்டிராஜ் வந்தார். குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். ஹாலில் இருந்த செடி கண்ணில் படாமல் இருந்திருக்காது. சோற்றைப் பிசைந்தார்.

"செடி அழுகிருச்சுங்க" என்றாள் கனகா.

"ம்."

"தெனமும் யாரோ தண்ணி ஊத்துறாங்களாம்."

அவர் குனிந்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"போர் தண்ணியாம். உப்பு ஏறிப்போச்சாம்."

கை தட்டிலேயே நின்றது. மோரை ஊற்ற அவள் குனிந்தபோது, "போதும்" என்று எழுந்துபோய்க் கை கழுவினார். குழாய் ரொம்ப நேரம் ஓடியது.

ஒச்சாயி ஐந்து மணிக்குச் சரியாக வந்துவிட்டாள். அறுபதை நெருங்கும் வயதிலும் முதுகு வளையாத உடம்பு. பாண்டிராஜ் ஓட்டுவதே உசிலம்பட்டி பஸ்தான். தினமும் இரண்டு நடை. முன்பெல்லாம் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து தம்பிக்கு மோரோ கூழோ கொடுத்துவிட்டுப் போவாள். நான்கு மாதமாக அந்தப் பக்கம் வருவதில்லை. வண்டி கிளம்பும்வரை அவர் கண்ணாடியில் தேடிக்கொண்டிருப்பார் என்று கண்டக்டர்தான் ஒருமுறை கனகாவிடம் சொல்லியிருந்தார்.

"வாங்க மதினி."

"வாரேன்." தட்டில் பழத்தையும் வெற்றிலையையும் எடுத்து வைத்தாள். மேலே பத்திரிகை. "இந்த வாசல மிதிக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன் தம்பி. எம்மகன்தான், 'மாமாவுக்கு நீயே போய் வச்சுட்டு வா'ன்னு ஒத்தக்கால்ல நின்னான்."

பாண்டிராஜ் இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார்.

ஒச்சாயியின் பார்வை ஹாலைச் சுற்றி வந்து செடியில் நின்றது. நான்கு இலை வெட்டப்பட்டு மொட்டையாக நின்றிருந்தது அது.

"அவ வச்சதா?"

கனகா ஆமென்று தலையசைத்தாள்.

"வாடுன செடிய எதுக்கு வீட்டுக்குள்ள வச்சிருக்கீக? வேணாம்னு போனவ பொருளு வேற. தூக்கிப் போடு தம்பி."

கனகா கணவரைப் பார்த்தாள். அக்கா சொல்லி அவர் தட்டிய பேச்சு ஒன்றுகூடக் கிடையாது. அம்மா இல்லாமல் அக்கா வளர்த்த பிள்ளை.

"இருக்கட்டும்க்கா" என்றார் பாண்டிராஜ்.

"என்னத்துக்கு?"

"நான்தான் அதுக்குத் தண்ணி ஊத்துறேன். தெனமும்."

தெருவில் ஒரு குல்ஃபி வண்டி மணியடித்துக்கொண்டு போனது.

ஒச்சாயி தம்பி பக்கம் திரும்பினாள். "எம்மகன் பதினஞ்சு நாளு சோறு தண்ணியில்லாமக் கெடந்தான் தம்பி. என்ன குறைன்னு என்கிட்டக் கேட்டுக் கேட்டு அழுதான். அப்ப நீ ஒரு தடவ வந்து அவன் தலையத் தடவியிருப்பியா? தெனமும் எங்க தெரு வழியாத்தானே போற?"

"வரணும்னுதான்க்கா நெனச்சேன். எந்த மூஞ்சியோட வாரது?"

"செடிக்கு மட்டும் மூஞ்சி இருந்துச்சாக்கும்."

கனகா கொண்டுவந்த காபியை ஒச்சாயி இரண்டு வாய்தான் குடித்தாள். எழுந்து செருப்பை மாட்டும்போது, "ரெண்டு பேரும் வந்துருங்க" என்றாள். குடும்பத்தோடு வாருங்கள் என்று சொல்லவில்லை. இறங்கிப் போகிறவளின் முதுகைப் பார்த்தபடி பாண்டிராஜ் வாசலிலேயே நின்றார். தெருமுனை திரும்பும்போது அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தது தெரிந்தது.

உள்ளே வந்து செடியின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"பொழைக்குமா?"

"தெரியல" என்றாள் கனகா. சுவரோரம் தரையில் அமர்ந்தாள். "நாலஞ்சு வேர்தான் மிச்சம்."

"அவ போன மறுநாள் காலைல அந்த ரூமுக்குப் போனேன். சும்மா லைட்ட அணைக்கத்தான். இலையெல்லாம் தொங்கிப்போய் நின்னுச்சு. ஒரு மக்குத் தண்ணி ஊத்தினேன். டூட்டி முடிச்சு வந்து பாத்தா, எல்லாம் நிமிந்து நின்னுச்சு கனகா." தொட்டியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். "அதுக்கப்புறம் ஊத்தாமப் போனா அன்னைக்குப் பூராம் வண்டி ஓட்ட முடியல. மனசு இங்கேயே கெடக்கும்."

"என்னைய எழுப்பியிருக்கலாம்ல?"

"எழுப்பி?"

"ரெண்டு பேருமா ஊத்தியிருக்கலாம்."

"நீ என் மேல கோவமா இருந்த."

"நீங்கதான் கோவமா இருந்தீங்க."

அவர் செடியின் நரம்போடிய இலையை விரல் நுனியால் தொட்டார். தூசி துடைப்பதுபோல ஒரு தடவு தடவினார்.

"அவகிட்டக் கேட்டுப் பாரேன்" என்றார். "இதுக்கு என்ன செய்யணும்னு அவளுக்குத்தான் தெரியும்."

கனகா காதில் விழுந்ததை நம்பாமல் நிமிர்ந்தாள்.

"நம்பர் இருக்குல்ல?"

இருந்தது. இந்த நான்கு மாதத்தில் எத்தனையோ பகல்கள் அந்த எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நீயாவது ஒரு வார்த்தை சொல்லும்மா என்ற குரல் கேட்கும். வைத்துவிடுவாள். போன் செய்தால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியாக வேண்டும். அது எந்த வார்த்தை என்று இன்னும் அவளுக்குத் தெரியவில்லை.

ஆனால் செடியைப் பற்றிக் கேட்கலாம்.

ஜன்னல் வெளிச்சம் போவதற்குள் எழுந்து நின்று செடியைப் போட்டோ எடுத்தாள். வாட்ஸ்அப்பில் அனுப்பி, கீழே எழுத்துக் கூட்டித் தட்டினாள். 'வேர் அழுகிருச்சு பவா. நர்சரியில வெட்டி வச்சாங்க. வேற என்ன செய்யணும்?'

ஒரு டிக். இரண்டு டிக். இரண்டும் நீலமாக மாறின.

அவ்வளவுதான். பதிலில்லை. பாண்டிராஜ் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதும் போனைப் பார்ப்பதுமாக இருந்தார். பத்து நிமிஷம் ஆயிற்று. "வேலையில இருப்பா" என்றார். இன்னும் ஐந்து நிமிஷம். "பஸ்ல இருப்பாளோ என்னமோ."

போன் அதிர்ந்தது.

கனகா சத்தமாகப் படித்தாள். "'அஞ்சு நாளைக்குத் தண்ணி ஊத்தாதே. ஃபேனுக்கு நேரா வைக்காதே.'"

பாண்டிராஜ் உடனே எழுந்து ஃபேனை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். வியர்த்துக் கொட்டும் மே மாதத்தில் இருவரும் காற்றில்லாமல் அடுத்த வரிக்காகக் காத்திருந்தார்கள்.

மறுபடியும் அதிர்ந்தது. "'மத்த செடியெல்லாம் எப்படிம்மா இருக்கு?'"

அந்த 'அம்மா'வில் கனகாவின் கண் நிறைந்துவிட்டது. எழுத்துகள் கலங்கின. துடைத்துக்கொண்டு பதில் தட்டப் போவதற்குள் இன்னொரு செய்தி வந்தது. வாய்விட்டுப் படிக்கத் தொடங்கியவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

'போட்டோல பின்னாடி தெரியுறது அப்பா காலா? ஏன் இப்படி வீங்கியிருக்கு?'

கனகா போனிலிருந்து கண்ணை எடுத்துக் கீழே பார்த்தாள். தொட்டிக்குப் பக்கத்தில் வேட்டி ஓரத்துக்குக் கீழே இரண்டு பாதங்கள். கணுக்கால் எலும்பே தெரியவில்லை. தோல் மினுமினுத்தது. இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து ஒரு போட்டோவில் மகள் கண்டது, நான்கு மாதமாக ஒரே வீட்டில் இருந்தவள் கண்ணில் படவே இல்லை.

"என்ன சொல்றா?" என்றார் பாண்டிராஜ் ஆவலாக. "சொல்லு, என்ன எழுதியிருக்கா?"

போன் கையிலேயே மறுபடி அதிர்ந்தது.

'அம்மா, அந்த மாத்திரைய நிறுத்திட்டாரா? உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாரு. இப்பயாவது கேளு.'

கனகா அதை இரண்டு முறை படித்தாள். பிறகு அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"எந்த மாத்திரைங்க?"

பாண்டிராஜ் இரண்டு கால்களையும் மெல்ல நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.